உப்புக் கரித்த பூட்டு

திண்டுக்கல்லில் ஒரு சமயம் ஒரு பூட்டு பிறந்தது. அந்த ஊரில் பூட்டு பிறப்பதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் இது கடையில் தொங்குவதற்காகப் பிறந்த பூட்டு இல்லை. முதலாளி ஞானப்பிரகாசம் வேலையாட்கள் யாரையும் தொடவிடாமல், தானே அரம் பிடித்து ராவி ராவி உருவாக்கியது. பித்தளை உடம்பு, தூக்கினால் கை வலிக்கும் கனம். சாவி போட்டுத் திருப்பினால்தான் அது பூட்டும், சாவி போட்டுத் திருப்பினால்தான் திறக்கும். கையால் அமுக்கினால் ஒன்றும் நடக்காது.

பட்டறையில் அடுக்கி வைத்திருந்த மற்றப் பூட்டுகளுக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை.

"நாங்கள்லாம் வீட்டுக்கும் கடைக்கும் போகப்போறோம். நீ எங்கப்பா போற?" என்றது ஒரு பெட்டிப் பூட்டு.

"காட்டுக்காம்" என்றது இன்னொன்று.

"காட்டுக்கு எதுக்குப் பூட்டு? அங்க என்ன நகையா நட்டா?"

எல்லாம் சேர்ந்து சிரித்தன.

பதில் முதலாளிக்குத்தான் தெரியும். ஞானப்பிரகாசம் வியாபாரத்தில் கெட்டிக்காரர். அவர் பட்டறைப் பூட்டு தொங்காத ஊரே கிடையாது என்று சொல்லிக்கொள்வார்கள். வேறு ஆளாக இருந்தால் வந்த வருமானத்தில் கல்யாண மண்டபம் கட்டியிருப்பார். இந்த மனுஷன் மலையடிவாரத்தில் கடமான்பள்ளம் என்று ஒரு பள்ளத்தாக்கை வாங்கிப் போட்டார். அங்கே ஒரு செடி நடவில்லை, ஒரு வீடு கட்டவில்லை. கோடையில் வற்றாத ஒரு குளம் மட்டும் வெட்டி, காட்டுமாடும் கடமானும் முயலும் முள்ளம்பன்றியும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார். சொந்தக்காரர்கள் அவருக்கு மூளை கலங்கிவிட்டது என்றார்கள். அவர் மனைவி செசிலி மட்டும் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. பிள்ளை இல்லாத வீட்டில் அவருக்கு அது ஒன்றுதான் ஆசை என்பது செசிலிக்குத் தெரியும்.

பள்ளத்தாக்குக்கு மூன்று பக்கமும் செங்குத்தான பாறை. ஒரு பக்கம் மட்டும்தான் வாசல். அந்த வாசல் வழியாகத்தான் நாட்டுத் துப்பாக்கிக்காரர்கள் நாய்களோடு வந்தார்கள். ஞானப்பிரகாசம் இரண்டு ஆள் உயரத்துக்குக் கல்சுவர் எழுப்பி, இரும்புக் கேட் போட்டு, பட்டறைப் பூட்டு ஒன்றைத் தொங்கவிட்டார். சாவி இரண்டு. ஒன்று அவரிடம், ஒன்று காவல்காரனிடம். அந்தக் காவல்காரன் ஒரு பாட்டில் சாராயத்துக்கு ஆசைப்பட்டு ஒரு நாள் கேட்டைத் திறந்துவிட்டான்.

மறுநாள் காலையில் முதலாளி போய்ப் பார்த்தபோது தரையில் இழுத்த தடமும் ரத்தமும்தான் இருந்தன. தாய் மாட்டைச் சுட்டுத் தூக்கிப் போயிருந்தார்கள். பால் மறக்கிற பருவத்துக் கன்று ஒன்று அந்த ரத்தத்தை மோந்து மோந்து பார்த்துக்கொண்டு நின்றது. அவர் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதார். அழுது முடித்து ஊருக்கு வந்ததும் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு அரத்தைக் கையில் எடுத்தார். நம்முடைய பூட்டு பிறந்த கதை அதுதான்.

வேலை முடிகிற சமயம் செசிலி காப்பி கொண்டுவந்தார்.

"சாவி ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ணு எங்கங்க?"

"இன்னொண்ணு கிடையாது."

"புதுசா மொக்கையனைக் காவலுக்குப் போட்டிருக்கீங்களே, அவன் நல்லவன்தான. அவன்கிட்ட ஒண்ணு இருந்தா ஆத்திர அவசரத்துக்கு ஆகுமே?"

"ஆளை நம்பிக் கெட்டது போதும் செசிலி. இரும்புக்கும் பித்தளைக்கும் சாராயம் பிடிக்காது."

சொல்லிவிட்டுச் சாவியை அரைஞாண் கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். நல்ல பூட்டுக்கு ஒரு சாவிதான் என்று பட்டறையில் எத்தனையோ தடவை பெருமையாகச் சொன்னவர் அவர். ரெண்டு சாவிப் பூட்டு பாதிப் பூட்டு என்பார். பூட்டுக்கும் அந்தப் பேச்சு பிடித்திருந்தது. தன்னைப் பற்றி அப்படி ஒருவர் பேசினால் யாருக்குத்தான் பிடிக்காது?

கடமான்பள்ளத்துக் கேட்டுக்கு வயசு அதிகம். எங்கோ மூடிப்போன பஞ்சாலையிலிருந்து வந்தது. திறந்து மூடியே முட்டி தேய்ந்த கேட் அது. புதுப் பூட்டு தன் கொண்டியில் ஏறியதும் கிரீச்சென்று முனகியது.

"வாப்பா. ரொம்பக் கனமா இருக்கியே."

"என்னை யாராலயும் உடைக்க முடியாது அண்ணே. முதலாளி சொன்னாரு."

"மில்லுலயும் இப்படித்தான் ஒருத்தன் இருந்தான். பூட்டுறவங்க எல்லாருமே நல்லதுக்குத்தான் பூட்டுறோம்னு சொன்னாங்க."

"முதலாளி நெசமாவே நல்லதுக்குத்தான் பூட்டியிருக்காரு."

"அதை நான் இல்லேங்கல" என்று சொல்லிவிட்டுக் கேட் கண்ணை மூடிக்கொண்டது. கிழத்துக்கு எதிலும் நம்பிக்கை கிடையாது என்று பூட்டு நினைத்துக்கொண்டது.

சாயங்காலம் கன்று வந்தது. அதே கன்றுதான். முதலாளி அதற்கு வெள்ளைச்சி என்று பேர் வைத்திருந்தார். காட்டுமாடு எல்லாவற்றுக்கும்தான் முழங்கால் வரைக்கும் வெள்ளை, இதற்கு மட்டும் ஏன் அந்தப் பேர் என்று கேட்டால் சிரித்துக்கொள்வார். ஆசை வந்துவிட்டால் அப்படித்தான். வெள்ளைச்சி கேட் கம்பிகளுக்கு நடுவே மூக்கை நீட்டிப் பூட்டை மோந்தது. பிறகு சொரசொரப்பான நாக்கால் ஒரு நக்கு நக்கியது.

"நீ உப்புக் கரிக்கிற" என்றது.

"நானா?"

"ஆமா. நல்லா இருக்கு."

முதலாளிக்கு வேர்வைக் கை. வருகிற போதெல்லாம் பூட்டைப் பிடித்து ஆட்டி, சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போவார். அந்த உப்புதான். அன்றிலிருந்து வெள்ளைச்சி தினமும் சாயங்காலம் வந்து நக்கும். பூட்டுக்கும் அந்த நேரம் எப்போது வரும் என்று இருக்கும். பெட்டிப் பூட்டு கேட்ட கேள்விக்கு இப்போது அதனிடம் பதில் இருந்தது. நகையும் நட்டும் யாருக்கு வேணும்?

நாள் போகப் போக வெள்ளைச்சி வளர்ந்து பெரிய மாடானாள். ஒரு கன்றும் போட்டாள். தளதளவென்று செம்மண் நிறத்தில் ஒரு குட்டிக் கன்று. அதைக் கூட்டிக்கொண்டு வந்து பூட்டைக் காட்டினாள்.

"நக்கிப் பாரு. இது நம்ம ஆளு."

கன்று நக்கிப் பார்த்துத் தும்மியது. வெளியே நின்று இதைப் பார்த்த முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற மொக்கையனிடம், "எம் பேரப்புள்ளடா மொக்கையா" என்றார். மொக்கையன் சிரித்தான். அன்றைக்குத்தான் அந்தப் பள்ளத்தாக்கில் எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். அதற்கப்புறம் அப்படி ஒரு நாள் வரவே இல்லை.

பங்குனி பிறந்தது. புல்லெல்லாம் காய்ந்து சருகாகிக் கிடந்தது. ஒரு நண்பகலில் பள்ளத்தாக்கின் மேல்கோடியில் புகை எழுந்தது. யாராவது பீடியைப் போட்டார்களோ, தானாகப் பிடித்ததோ, தெரியாது. மலை மேலே எரிந்த மூங்கில் கட்டைகள் பாறை விளிம்பிலிருந்து உருண்டு உள்ளே விழுந்தன. காற்றும் அந்தப் பக்கமிருந்துதான் வீசியது.

"காத்தே, கொஞ்சம் நில்லேன்" என்றது கேட்.

"நான் நின்னா அது காத்தா?" என்று கேட்டுக்கொண்டே காற்று ஓடியது. அதற்கும் வருத்தம்தான். ஆனால் அதன் பிழைப்பு அது.

குரங்குகள் பாறையில் ஏறித் தப்பின. பறவைகள் பறந்தன. நடக்கிறவையும் ஓடுகிறவையும் வாசலைத் தேடி வந்தன. கடமான்கள் வந்து கேட்டில் மோதின. முயல்கள் சுவரோரமாக ஓடி ஓடித் திரும்பின. எல்லாவற்றுக்கும் பின்னால் வெள்ளைச்சி கன்றை முன்னால் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"திற" என்றாள்.

"என்னால ஆகாது வெள்ளைச்சி. சாவி அவர்கிட்ட இருக்கு."

"நீ நம்ம ஆளுதான? திற."

மொக்கையன் வெளியே செல்போனை வைத்துக்கொண்டு தவித்தான். முதலாளிக்கு அடித்தான், செசிலிக்கு அடித்தான், பட்டறைக்கு அடித்தான். ஒருவரும் எடுக்கவில்லை. அன்று பெரிய வெள்ளிக்கிழமை, இயேசுவைச் சிலுவையில் அறைந்த நாள். பட்டறை லீவு. முதலாளியும் செசிலியும் போனை வீட்டில் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போயிருந்தார்கள். மும்மணி நேர ஆராதனைக்குப் போனைக் கொண்டுபோகிற வழக்கம் அவர்கள் வீட்டில் இல்லை.

மொக்கையன் போனை எறிந்துவிட்டுக் கடப்பாரையை எடுத்தான். பூட்டின் தலையில் ஓங்கி ஓங்கி அடித்தான்.

"அடி மொக்கையா, இன்னும் அடி" என்றது பூட்டு. மனுஷர் காதுக்கு அதெல்லாம் கேட்காது. இருந்தாலும் சொல்லிக்கொண்டே இருந்தது. தன் உடம்பு எங்காவது விட்டுக்கொடுக்காதா என்று ஒவ்வொரு அடிக்கும் பார்த்தது. பித்தளை நசுங்கியது, கீறியது. உள்ளே இருந்த நாக்கு மட்டும் அசையவில்லை. அசையக் கூடாது என்றுதானே ஞானப்பிரகாசம் அதை அப்படி ராவியிருந்தார்.

"அண்ணே, நீயாவது கழண்டு விழேன்" என்று கேட்டிடம் கெஞ்சியது.

"கீலையெல்லாம் கல்லுக்குள்ள விட்டு ஈயத்தை ஊத்திட்டாருப்பா. மில்லுல கூட என்னை இப்படி மாட்டினதில்ல" என்று கேட் அழுதது. வெள்ளைச்சி முட்டிய முட்டில் அது நடுங்கியது, வளைந்தது, ஆனால் விழவில்லை.

கடப்பாரை முனை மழுங்கியது. புகை வந்து மொக்கையனின் நெஞ்சை அடைத்தது. அவன் இருமிக்கொண்டே பின்வாங்கி, கீழே ஊரைப் பார்த்து ஆள் கூப்பிட ஓடினான்.

வெள்ளைச்சி முட்டுவதை நிறுத்தினாள். கன்றைச் சுவர் மூலையில் நிறுத்தி, அதை மறைத்துக்கொண்டு நெருப்புக்கு முதுகைக் காட்டி நின்றாள். முகம் பூட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. அவள் அதைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கூடப் பூட்டுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

முதலாளி வந்தபோது எல்லாம் அடங்கிவிட்டது. ஊர்க்காரர்கள் வந்து சுவருக்கு வெளியே ஒன்றும் செய்ய முடியாமல் நின்றிருந்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. அரைஞாணிலிருந்து சாவியை அறுத்து எடுத்துப் பூட்டில் போட்டுத் திருப்பினார்.

அவ்வளவு அடி வாங்கியிருந்தும், அவ்வளவு சூடு பட்டிருந்தும், அது ஒரே திருப்பில் திறந்தது. அத்தனை நல்ல பூட்டு.

உள்ளே நுழைந்த அந்த ஒரு கணத்தில் சாவி, தன்னோடு ஒன்றாகப் பிறந்த பூட்டு அண்ணனிடம் அழுதது. "நான் குத்திக்கிட்டே இருந்தேண்ணே. அவர் கோயில்ல முழங்கால் போட்டுக் கிடந்தாரு. எனக்கு என்னவோ மனசே சரியில்ல. திரும்பித் திரும்பி அவர் வயித்துல குத்தினேன். ரத்தமே வந்துச்சு. ஆண்டவர் பட்ட பாட்டுக்கு இந்த வலி ஒரு வலியான்னு பேசாம தாங்கிக்கிட்டாரு."

கேட் திறந்தது. மூலையில் வெள்ளைச்சி மடங்கிக் கிடந்தாள். அவளுக்கு அடியில் கன்று இருந்தது. புகை அதை விட்டுவைக்கவில்லை. ஞானப்பிரகாசம் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "நான்தாம்மா, நான்தாம்மா உன்னைக் கொன்னது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மொக்கையன் எவ்வளவு இழுத்தும் எழுந்திருக்க மாட்டேன் என்றார்.

அதற்கப்புறம் அவர் பூட்டு செய்யவில்லை. பட்டறையை வேலையாட்களிடமே விட்டுவிட்டார். கேட்டை விரியத் திறந்து வைத்துவிட்டு, பூட்டைத் திறந்தபடியே கொண்டியில் தொங்கவிட்டார். மழை வந்தது, புல் முளைத்தது, குளம் நிறைந்தது. ஒரு குளம்புத் தடம்கூடப் பதியவில்லை. முதலாளி வாரா வாரம் வந்து வாசலில் ஒரு கல்லில் உட்கார்ந்து உள்ளே பார்த்துக்கொண்டிருப்பார். பூட்டின் மேல் கையை வைத்திருப்பார். அந்தக் கை இப்போதும் வேர்க்கும். நக்க நாக்கு இல்லை.

ஒரு நாள் ஒரு பெண் குளவி வாயில் மண் உருண்டையோடு வந்து பூட்டின் சாவி ஓட்டையைச் சுற்றியது.

"வீடு காலியா இருக்கா?" என்று கேட்டது.

"இருக்கு. ஆனா இது சாவி நுழையுற இடம்."

"அப்ப வேற இடம் பார்க்கிறேன்."

"வேணாம். இங்கயே கட்டு" என்றது பூட்டு. "சாவி நுழைய முடியாதபடி நல்லா அழுத்திப் பூசு."

குளவி உள்ளே முட்டை வைத்து, பச்சைப் புழுக்களைத் திணித்து, செம்மண்ணால் ஓட்டையை அடைத்துவிட்டுப் போனது. யாரையும் உள்ளே விடாமல் இருப்பதற்கென்றே பிறந்த பூட்டின் வயிற்றில் ஒரு உயிர் அசைந்தது. அதற்குப் பயமாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது.

அந்த மாசமே மொக்கையன் ஊருக்கு ஓடிவந்து, "மொதலாளி, துப்பாக்கிக்காரப் பயலுக மறுபடி இந்தப் பக்கம் சுத்துறானுக. கேட்டைச் சாத்திருவமா?" என்றான். அவருக்கு அதே பழைய பயம்தான். அந்தப் பயத்தை அவரால் விடவும் முடியவில்லை. கடைசியில் சாவியை எடுத்துக்கொண்டு செசிலியோடு வந்து சேர்ந்தார். ஓட்டையில் மண்ணைப் பார்த்தார். தோண்ட ஒரு கம்பியைத் தேடி எடுத்தார்.

இன்னொரு தடவை நான் பூட்டப்படுவதா என்று பூட்டு பதறியது.

செசிலி அவர் கையைப் பிடித்தார். "குளவிக் கூடுங்க. குளவி கூடு கட்டினா அந்த வீட்டுல புள்ளை வரும்னு சொல்லுவாங்கள்ல. கலைக்காதீங்க."

"நம்ம வீட்டுக்கு இனிமே எங்க வரப்போவுது?"

"இதுவும் உங்க வீடுதான."

அவர் கம்பியைக் கீழே போட்டார். உள்ளே போய், வெள்ளைச்சியைப் புதைத்த இடத்தில் கையால் குழி பறித்துச் சாவியை வைத்து மூடினார். சாவிக்குப் பூட்டு அண்ணனிடம் விடைசொல்லக் கூட நேரமில்லை. திரும்பி வந்தவர் மொக்கையனிடம், "நம்ம ரெண்டு பேரும் மாத்தி மாத்தி வாசல்ல உக்காருவோம். சாத்த வேணாம்" என்றார். அன்று முதல் உடம்பு முடிகிற வரைக்கும் தினமும் வந்து அந்தக் கல்லில் உட்கார்ந்தார். துப்பாக்கிக்காரர்கள் இரண்டொரு தடவை தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, ஆள் இருப்பதைக் கண்டு போய்விட்டார்கள். ஆனால் காட்டுமாடு எதுவும் வரவில்லை.

"வந்துரும் மொதலாளி" என்பான் மொக்கையன்.

"வந்தா நல்லது. நான் செஞ்சதுக்கு வரலேன்னாலும் கேக்க முடியாது" என்பார் அவர்.

பிறகு ஒரு நாள் அவரும் வரவில்லை. மறுநாளும் இல்லை. அதற்கும் சில நாள் கழித்து செசிலி தனியாக வந்தார். மொக்கையனோடு அந்தக் கல்லில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

"கடைசி வரைக்கும் மாடு வந்துச்சான்னுதான் கேட்டாரு. வந்துச்சுன்னு ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரல மொக்கையா" என்றார். பூட்டை ஒரு தடவை தடவிவிட்டு எழுந்து போனார். பூட்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்கு அழத் தெரியாது. கேட்தான் அதற்கும் சேர்த்து முனகியது.

மழைக்காலம் வந்து அடித்துப் பெய்தது. பூட்டின் மேலிருந்த முதலாளியின் கை வேர்வையையெல்லாம் கழுவிக்கொண்டு போனது. பித்தளை பச்சை பூத்தது. குளவியின் பிள்ளை மண்ணைத் துளைத்துக்கொண்டு எப்போதோ பறந்துபோயிருந்தது. ஓட்டையை அடைத்த செம்மண் பாதி அப்படியே இருந்தது.

தை பிறந்த ஒரு காலையில், மொக்கையன் குளத்துப் பக்கம் போயிருந்த நேரம், வெளியே மலைச்சரிவிலிருந்து ஒரு காட்டுமாடு இறங்கி வந்தது. கூட ஒரு கன்று. வாசலில் நின்று மோப்பம் பிடித்தது. தாய் முதலில் தலையை நீட்டி, பிறகு ஒரு காலை எடுத்து வைத்து, பிறகு உள்ளே போனது.

"அண்ணே, வந்துருச்சு" என்றது பூட்டு.

"பார்த்துக்கிட்டுத்தான இருக்கேன்" என்றது கேட். அசைந்தால் சத்தம் வந்து விரட்டிவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

கன்று மட்டும் கேட்டருகே நின்று, தொங்குகிற பூட்டைப் பார்த்து, நாக்கை நீட்டி ஒரு நக்கு நக்கியது.

"எப்படி இருக்கு?" என்று பூட்டு ஆசையாகக் கேட்டது.

"சப்புன்னு இருக்கு. உப்பே இல்ல" என்றது கன்று.

சொல்லிவிட்டுத் தாய்க்குப் பின்னால் புல்லுக்குள் ஓடியது. உள்ளே வந்த வாசலை அது ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. வாசல் திறந்துதான் கிடந்தது.